இரண்டாவது லைன்

ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் நலம்தானே? இருமல் குறைந்ததா? காதுக் கருவியை மேசை இழுப்பறையில் தூங்க வைக்காமல் காதில் மாட்டிக்கொள்கிறீர்களா? போனில் நான் ஒன்று சொல்ல, உங்களுக்கு வேறொன்று கேட்க, அதற்காக நீங்கள் கோபித்துக்கொள்ள, நான் சமாதானம் சொல்ல, அதுவும் தப்பாகக் கேட்க... அதைவிட எழுதிக்கொள்வதே மேல் என்று பேசி வைத்தபடி இதோ முதல் கடிதம்.

பதினாறு மணி நேரப் பயணம். முகாம் என்பது வரிசையாக வைத்த இருபத்திரண்டு தகர அறைகள். என்னுடையது பதினேழு. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. மின்விசிறி சுற்றும்போது யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவது போலவே இருக்கிறது. முதல் இரண்டு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அறையில் இன்னொருத்தி இருக்கிறாள், வரைபடம் போடுகிறவள். வந்ததும், "நீங்க பேசுற ஆளா, பேசாத ஆளா?" என்று கேட்டாள். பேசாத ஆள் என்றேன். "அப்பாடா, நானும்தான்" என்றவள் அந்த நிமிடத்திலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள்.

வேலை அலுவலக வேலைதான். கோப்புகளைச் சரிபார்ப்பது. எல்லாம் நீங்கள் வேலை பார்த்த ஆலைக்காகத்தான் மாமா. ஆலையைப் பெரிதாக்கிவிட்டார்கள், பழைய லைனில் வரும் கச்சா எண்ணெய் போதவில்லை. அதனால் பழைய குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய். நான் அதைக் காகிதத்தில்தான் பார்க்கிறேன்.

எந்த ஊருக்குப் பக்கத்தில் என்று கிளம்பும்போது கேட்டீர்கள். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஊர். கடிதத்தைத் தலைமை அலுவலக முகவரிக்கே போடுங்கள். வாரம் ஒருமுறை பையில் இங்கே வந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

ஜனவரி 21

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம். உன் நலம் அறிய ஆவல். இருமல் இருக்கிறது. அதுவாவது வீட்டில் சத்தம் போடட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

சமையல் நானேதான். முதல் நாள் கருகியது. இரண்டாம் நாள் வேகவில்லை. சராசரி எடுத்துப் பார்த்தால் நன்றாகவே சமைக்கிறேன். மருந்துக் கடைக்காரர், "என்ன சார், மருமக போனதும் பாதியாயிட்டீங்க?" என்று கேட்டார். பாதியாகும் அளவுக்கு நான் எப்போது முழுசாக இருந்தேன்?

போன வாரம் ஆலைப் பக்கம் நடந்தேன். வாசலுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்று பார்த்தால் உள்ளே புதிதாக ஆறு தொட்டிகள் தெரிகின்றன. முப்பது வருடம் தொட்டியின் மேல் ஏறி, நாடாவை உள்ளே விட்டு, எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தவன் நான். அந்தப் பழையவற்றைப்போல் இரண்டு மடங்கு பெரிய தொட்டிகள் இவை. காவல் பையன், பையன் என்ன, அவனுக்கும் நாற்பத்தைந்து ஆகிறது, சொன்னான்: "கட்டி முடிச்சு காலியா நிக்குது அண்ணே. எண்ணெய் வந்தாத்தானே? எல்லாரும் அந்த ரெண்டாவது லைனைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

உன் அறையைப் பெருக்கிவிட்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி கருவியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்தேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கழற்றிவிட்டேன்.

அங்கே பிப்ரவரியில் காற்று மேற்கிலிருந்து திரும்பும். மண்ணை வாரிக்கொண்டு வரும். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்துக்கொள்.

ஆசிகளுடன்,
மாமா

பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

காற்று நீங்கள் சொன்ன மாதிரியே திரும்பிவிட்டது. ஈரத்துணி வைத்திருக்கிறேன். நான் ஊர் பெயரைச் சொல்லவே இல்லையே, காற்றின் திசை மட்டும் எப்படித் தெரிந்தது? வேறு எப்படித் தெரியும். இங்கிருந்து அவர் உங்களுக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பார்.

ஆமாம் மாமா. அதே இடம்தான். மூன்றாம் பகுதி. அலுவலக வேலை என்றது பொய். எண்ணெய் விடுவதற்கு முன்னால் குழாயில் தண்ணீரை நிரப்பி, பின்னால் எண்ணெய் ஓடும்போது இருக்கப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, இருபத்து நான்கு மணி நேரம் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் மகன் பார்த்த அதே வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் முதல் லைனில், இதே பகுதியில், குழாயின் முனையை மூடியிருந்த இரும்புத் தகடு தெறித்து அவர் போனாரே, அந்த இடம் என் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. குழாய் மண்ணுக்குள் போய்விட்டது. மேலே ஒரு மஞ்சள் கல் மட்டும் நட்டிருக்கிறார்கள்.

எதற்காக வந்தேன் என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சரியான பதில் கிடையாது. கூட்டத்தில், மூன்றாம் பகுதியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். போக விடமாட்டீர்கள் என்று பயந்தேன். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 24

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா. நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

காற்றை வைத்துத் தெரிந்துகொள்ளவில்லை அம்மா. உன் முதல் உறையிலேயே தெரிந்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்குப் பதில் போடச் சொன்ன ஆள், தன் கடிதத்தைப் பக்கத்து ஊர்த் தபால் பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்காதா? அந்த முத்திரையை மூன்று வருடம் மாதம் இரண்டு தடவை பார்த்தவன் நான். உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். தபால்காரர், "என்ன சார், கெட்ட சேதியா?" என்றார். இல்லை, மருமகள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன்.

கோபம் இல்லை. நீ கெட்டிக்காரி, வேலை தெரிந்தவள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது அங்கே இருந்தால் அவர்களிடம் போய் எதையும் கிளறாதே. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எதுவும் வேண்டாம். போனது போனதாகவே இருக்கட்டும்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. குடையோடு போ. தண்ணீர் நிறையக் குடி.

மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்துவிட்டேன். எனக்கு ஒன்று புரியவில்லை. அவர் போன பிறகு ஒரு வருடம் முழுக்க நீங்கள்தானே மனு மேல் மனு எழுதினீர்கள்? "தடை செய்யப்பட்ட எல்லைக்குள் தாமாகவே சென்றார்" என்று விசாரணை அறிக்கையில் இருந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, "என் பையன் அப்படிப் போற ஆள் இல்லை" என்று தொழிலாளர் அலுவலகப் படிகளில் நின்று சத்தம் போட்டீர்களே. பிறகு ஒரு நாள் எல்லா நகல்களையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டீர்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. களைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

கிளற வேண்டாம் என்றீர்கள். கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே நான் கேட்டுவிட்டேன். தண்ணீர் ஏற்றும் பம்ப்பை ஓட்டுகிறவர் அன்றைக்கும் இங்கே இருந்தவர். நல்ல உயரம், அதனால் எல்லோரும் நெட்டையர் என்று கூப்பிடுகிறார்கள். நான் யாரென்று தெரிந்ததும் ஒரு வாரம் என் கண்ணில் படாமலே சுற்றினார். பிறகு அவரே வந்து பேசினார்.

"இருபத்திரண்டு மணி நேரம் நின்னுச்சும்மா. இன்னும் ரெண்டே மணி நேரம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மூடித் தகட்டு ஓரத்துல லேசா கசிவு. பிரஷரை இறக்கிட்டு டைட் பண்ணணும், அதுதான் முறை. இறக்கினா திரும்ப ஏத்தி, திரும்ப ஒரு நாள் பார்த்து, மூணு நாள் போயிடும். சார் ஸ்பானரை எடுத்துட்டாரு. நான் 'சார், வேணாம்'னேன். சொன்னேன்மா, சத்தியமா சொன்னேன். யாரும் கிட்ட போகக்கூடாதுன்னு கட்டின கயித்தைத் தாண்டிப் போயிட்டாரு."

போகும்போது உங்கள் மகன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாராம். அதை மட்டும் நான் எழுதவில்லை மாமா. கேட்காதீர்கள்.

ஆக, அறிக்கையில் இருந்தது பொய்யில்லை. அவராகத்தான் போயிருக்கிறார். இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது மேல் என்று பட்டது. சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமா? பதில் வரவில்லை. பை வருகிற செவ்வாய்க்கிழமைகளில் அலுவலக வாசலில் போய் நிற்கிறேன். பிரித்துக் கொடுக்கிறவர் என் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டுகிறார்.

வரைபடக்காரியை நான்காம் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது, "நான் பேசினது தொல்லையா இருந்துச்சா அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. இப்போது மின்விசிறி மட்டும் செருமிக்கொண்டிருக்கிறது. சில நாள் காலையில் எழுந்து வேலைக்குப் போய், முதல் ஆளிடம் பேசும்போது குரல் கரகரவென்று வருகிறது. நேற்று மாலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

குழாயை இறக்கி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இனி உள்ளே சுத்தம் செய்து தண்ணீர் நிரப்ப வேண்டும். ஆலையிலிருந்து தினமும் கேட்கிறார்களாம், எப்போது எண்ணெய் வரும் என்று. எனக்கு வேண்டியது ஒரு கடிதம்தான்.

நான் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். இரண்டு வரி போதும். கை வலித்தால் மருந்துக் கடைக்காரரை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

மே 3

மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரியும். பொறுக்க முடியாமல் மருந்துக் கடைக்குப் போன் செய்தேன். "சாரா? நல்லாத்தான் இருக்கார். காலையில பால் வாங்கிட்டுப் போனார். உங்க லெட்டரா? வந்துச்சே. என் கடை முன்னாடிதான் நின்னு படிச்சார். மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் யார்கிட்டயும் சரியா பேசுறதில்ல" என்றார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. உடம்பு நன்றாக இருந்தும் எழுதவில்லை என்றால், எனக்கு எழுத விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? மகனே போன பிறகு மருமகள் என்ன உறவு என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. அப்படி நினைத்தாலும் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் என்பதைக் கடைசியில் எழுதியே விடுகிறேன்.

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னது இதுதான்: "நாளைக்குக் காலையில பஸ் ஏறியே ஆகணும். வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க."

அன்று மதியம் ஒரு மணிக்கு நான் அவருக்குப் போன் செய்தேன் மாமா. ஒன்பது மாதமாக வராத மனிதர். நாளைக்குக் கிளம்பிவிடுவேன் என்றார். போன தடவையும், அதற்கு முந்தின தடவையும் இதையேதான் சொன்னார். நான் கத்தினேன். "இந்தத் தடவையும் வரலைன்னா நீங்க வரவே வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து அது நடந்திருக்கிறது.

ஐந்து வருடமாக உங்களுக்கு நான் சமைத்துப் போட்டேன், துணி துவைத்தேன், மருந்து எடுத்துக் கொடுத்தேன். ஊரே என்னை நல்ல மருமகள் என்றது. நீங்களும் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருக்கும்.

இனி நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
நான்

மே 18

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தினமும் தாளை எடுத்து வைத்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எப்போதும் எழுதமாட்டேன் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

நெட்டையர் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன், கேட்காதீர்கள் என்று மார்ச் மாதம் எழுதினாய் அல்லவா? அதைப் படித்ததும், உனக்குத் தெரிந்துவிட்டது, மாமாவின் முகத்துக்காக விட்டுவைத்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். அதனால்தான் எழுதவில்லை. உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை.

அவன் பெட்டியைக் கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த நாளில் நீ உன் அம்மா வீட்டில் இருந்தாய். அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வருடம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மனுவுக்கு அவனுடைய அடையாள அட்டை வேண்டும் என்றார்கள், அதற்காகத் திறந்தேன். சட்டைகளுக்கு நடுவில் என் கடிதம் இருந்தது. அவன் போவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் எழுதியது.

அதில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? "நெஞ்சு வலி. டாக்டர் பயமுறுத்துகிறார். பதினைந்தாம் தேதிக்குள் வந்தால் என்னைப் பார்க்கலாம். உன் மனைவியிடம் சொல்லாதே, பயந்துபோவாள்."

எனக்கு நெஞ்சு வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை அம்மா. குத்துக்கல் மாதிரி இருந்தேன். ஒன்பது மாதமாக அவன் வரவில்லை. நீ வெளியில் காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள்ளேயே வாடுவதைப் பார்த்தேன். எனக்கும் அவனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வேறு என்ன சொன்னாலும் அந்தப் பயல் வரமாட்டான் என்று இதை எழுதினேன். மடித்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது, அந்தத் தாள். எத்தனை தடவை எடுத்துப் படித்தானோ. அவன் உனக்குச் சொல்லியிருக்கமாட்டான். நான் சொல்லாதே என்று எழுதினேனே.

அன்றைக்குத்தான் மனுவைக் கட்டிப் பரணில் போட்டேன். யார் மேல் மனுக் கொடுப்பது?

ஐந்து வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ உன் போனை நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாய். நான் என் கடிதத்தை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?" "போதும்மா." இவ்வளவுதானே பேசினோம்?

நீ சொன்ன வார்த்தையெல்லாம் வீட்டுக்கு வீடு பெண்டாட்டிகள் சொல்கிற வார்த்தை. அதற்கெல்லாம் ஆள் சாவதாக இருந்தால் ஊரில் ஆம்பளையே மிஞ்சமாட்டான். அவனை அவசரப்படுத்தியது என் பொய்தான். இதில் நீ பங்குக்கு வராதே.

இதைப் படித்த பிறகு நீ எனக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன். வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. அது உன்னிடமே இருக்கட்டும்.

மாமா

ஜூன் 16

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாக எழுதவில்லை. கோபத்தால் இல்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் கோபம்தான். எந்த அப்பா இப்படி எழுதுவார் என்று தகரச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அழுகை வந்தது. பிறகு வேலை வந்துவிட்டது.

போன வாரம் மூன்றாம் பகுதியின் சோதனை நடந்தது. மாலை ஆறு மணிக்கு முழு அழுத்தத்துக்கு ஏற்றி நிறுத்தினோம். மறுநாள் மதியம் மூன்று மணி வரைக்கும் ஊசி அசையவில்லை. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று மணி நேரம். அப்போது தொலைநோக்கியில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் கையைத் தூக்கினான். மூடித் தகட்டின் ஓரத்தில் கசிவு.

ஃபிட்டர்களின் மேஸ்திரி ஒருவன் இருக்கிறான், தலைமுடியைப் பார்த்துச் சுருட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைக்காரன். நான் எழுந்து நிற்பதற்குள் ஸ்பானரோடு கயிற்றுக்குப் பக்கத்தில் போய்விட்டான். அவன் பின்னாலேயே இன்னும் நான்கு பேர்.

"அரைச் சுத்துதான் மேடம். அரை நிமிஷ வேலை."

"வேணாம். திரும்பி வா."

"மேடம், மூணு மணி நேரத்துல முடியப்போகுது. இப்ப இறக்கினா மூணு நாள் போச்சு."

நான் ஓடிப்போய்க் கயிற்றுக்கு முன்னால் நின்றேன் மாமா. கையை விரித்துக்கொண்டு, குழந்தைகள் வழி மறிப்பது போல. "நெட்டையரே, பிரஷரை இறக்குங்க" என்று கத்தினேன். அவர் நான் சொல்லி முடிப்பதற்குள் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெளியேறும் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. இரைச்சல் அடங்கியதும் மேலாளர் போனில் வந்தார்.

"ஆலையில தேதி குறிச்சாச்சு. அங்க யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"எழுதிக் கொடுக்கணும்."

"எழுதியே தர்றேன்."

அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகு தகட்டைக் கழற்றினார்கள். இரண்டு போல்ட்டில் மரை தேய்ந்து போயிருந்தது. சுருட்டை அவற்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "உனக்கு ஊருக்குப் போற அவசரமா?"

"எனக்கு ஏது மேடம் ஊர்? முகாம்தான் வீடு."

"வீட்டுல யாராவது வரச் சொன்னாங்களா?"

"யாருமே இல்லையே, யாரு கூப்பிடப்போறாங்க?"

"அப்புறம் ஏன் போன?"

கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "கண்ணு முன்னாடி சொட்டுது மேடம். கையில ஸ்பானர் இருக்கு. போயிட்டேன்."

மாமா, இதை உங்களுக்கு எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அவனுக்கு அப்பாவிடமிருந்து கடிதம் வரவில்லை. பெண்டாட்டி போன் செய்யவில்லை. பின்னால் போன நான்கு பேருக்கும் இல்லை. அவர் போன அன்றைக்கும் கயிறு இருந்தது, விதி எழுதிய பலகை இருந்தது. கயிற்றுக்கு முன்னால் ஓர் ஆள் இல்லை. பொறுப்பாளரே ஸ்பானரை எடுத்தால் யார் மறிப்பது?

இதனால் நான் சொன்ன வார்த்தை இல்லையென்று ஆகிவிடாது. நீங்கள் எழுதிய பொய்யும் இல்லையென்று ஆகிவிடாது. அவர் மனதில் நாம் இரண்டு பேரும் இருந்தோம்தான். ஆனால் நாம் இல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது?

மூன்றாம் நாள் திரும்ப ஏற்றினோம். இருபத்து நான்கு மணி நேரம் அசையாமல் நின்றது. கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள், டீ குடித்தார்கள், வண்டி ஏறிப் போனார்கள். நான் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எண்ணிப் பார்த்தால் சொல்வதற்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

ஐந்தாம் பகுதிக்கும் என்னையே போகச் சொல்கிறார்கள். டிசம்பர் வரை ஆகும். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

உங்கள் மருமகள்

ஜூன் 25

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பு எப்படி என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை ஆலை வாசல் டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது தடவை சத்தமாகவே படித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்ததும் ஒருவன், "அந்தப் பொண்ணு யாரு சார்?" என்று கேட்டான். என் மருமகள் என்றேன். அதைச் சொல்லி எவ்வளவு நாளாகிறது.

ஐந்தாம் பகுதிக்குச் சரி என்று சொல். கயிற்றுக்கு முன்னால் நிற்க ஆள் வேண்டும்.

ஆறுதலா என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை அம்மா. எழுதித் தெரிந்துகொள்ளும் விஷயமாக அது இல்லை. முப்பது வருடம் தொட்டிக்கு வந்து சேர்ந்த எண்ணெயை அளந்தேன், அது வரும் வழியை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவன் இருந்த வரைக்கும் அவனாவது அங்கிருந்து வருவான் என்று இருந்துவிட்டேன். அவன் போன பிறகு வரப் பயந்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே வந்து சேரும் பேருந்தில் இடம் போட்டிருக்கிறேன். காலியாக இருக்கும் அந்த இரண்டாவது கட்டிலில் எதையாவது பரப்பி வைத்திருந்தால் எடுத்துவிடு. எத்தனை நாள் என்று இப்போதே கேட்காதே.

வந்ததும் முகம் கழுவு, சாப்பிடு, கொஞ்சம் படு என்றெல்லாம் தொடங்கிவிடாதே. முதலில் அந்த மஞ்சள் கல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நிற்போம். அப்புறம் சாப்பிடலாம்.

வருகிறேன்,
மாமா